72 கிலோ மூக்கும் ஒரு தண்ணிப் பரலும்

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் ஒரு வளவு, சனிக்கிழமை காலமை ஆறு மணி. அடுத்த நாள் காரைநகரில் ஒரு கோயில் அன்னதானம். ஓட வேண்டிய தூரம் இருபது கிலோமீற்றருக்குள்தான். ஆனால் முற்றத்தில் குவிந்து கிடக்கிற சாமானைப் பார்த்தால் வீடே குடிபெயர்கிறதோ என்று கேட்கத் தோன்றும். நடுவில் ஒரு ஜீப். வாங்கும்போது அதை எஸ்யூவி என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள், வீட்டுக்கு வந்த பிறகு அது ஜீப். அதன் பின்னால் ஒற்றை அச்சு ரெயிலர் ஒன்று, மாமரத்துக்குக் கீழே ஒரு வருசம் தவமிருந்து எழும்பி வந்தது.

ஜீப் மருமகனுடையது, அன்னதானம் பெரியப்பாவுடையது. இந்த இரண்டையும் கொழுவ வேண்டிய பொறுப்பு பக்கத்து வளவுப் பெடியனுக்கு. அவன் கராஜில் வேலை செய்கிறான், அதனால் யாரும் அவன் சொல்வதைக் கேட்பதில்லை.

"அண்ணை, இந்த உருண்டை சரிவராது."

"ஏன்ரா, கொழுவுதுதானே?"

கொழுவும். அதுதான் ஆபத்து. ஜீப்பின் பின்னால் ரெயிலரை இழுக்கப் பூட்டுகிற இரும்புதான் ரோ பார், அதன் உருண்டையில் மேலே அளவு பொறித்திருக்கும். எங்கள் பக்கம் ஓடுகிற சின்ன ரெயிலர்களின் கப்ளிங், அதாவது உருண்டையைக் கவ்வுகிற மூக்கு, அநேகமாக 50 மில்லிமீற்றர். மருமகன் எங்கேயோ பழைய இரும்புக்குள் பொறுக்கி வந்த உருண்டையோ ஒன்றேமுக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது 47.6 மில்லிமீற்றர். வித்தியாசம் இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லை. முற்றத்தில் நிற்கும்போது எல்லாம் பூட்டின மாதிரித்தான் தெரியும். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது கப்ளிங் மேலே துள்ளும், உள்ளே இருக்கிற தாடை சின்ன உருண்டையைப் பிடிக்காது. பிறகு ஜீப் ஒரு பக்கம், அன்னதானம் இன்னொரு பக்கம். மற்றப் பக்கமாகப் பிழைத்தால், அதாவது 2 அங்குல உருண்டையில் 50 மில்லிமீற்றர்க் கப்ளிங்கை வைத்தால், 0.8 மில்லிமீற்றர் இடிக்கும், தாடை முழுதாக இறங்கிப் பூட்டாது. சம்மட்டியால் அடித்து இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றவும் அதே சம்மட்டி வேண்டும்.

உருண்டை மாறியது. பூட்டியதைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. கொழுவின பிறகு ரெயிலரின் முன்பக்கத்துச் சின்னச் சில்லை மறுபடி கீழே சுற்ற வேண்டும். கப்ளிங் உண்மையில் பிடித்திருந்தால் ஜீப்பின் பின்பக்கமும் சேர்ந்து மேலே வரும். கப்ளிங் மட்டும் தனியாக எழும்பினால் பூட்டவில்லை. அரை நிமிச வேலை. பிறகு பூட்டு கழராமல் குறுக்கே ஒரு ஊசி போட வேண்டும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் வேலிக்கம்பித் துண்டு முறுக்கியிருந்தது. பெடியன் அதைக் கழற்றி மருமகனின் கையில் கொடுத்தான், ஒன்றும் சொல்லவில்லை.

சங்கிலி இரண்டு. அவற்றை நேராகக் கொழுவாமல் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காக மாற்றிக் கொழுவினான். வடிவுக்காக அல்ல. கப்ளிங் எப்பவாவது கழன்றால் முன்சட்டம் அந்தக் குறுக்குச் சங்கிலியில் தொட்டிலில் கிடக்கிற மாதிரிக் கிடக்கும். நேராகக் கொழுவினால் ரோட்டில் குத்தி, ரெயிலர் குத்துக்கரணம் அடிக்கும். நீளம் மூலையில் திரும்பப் போதுமான அளவு இருக்கலாம், நிலத்தில் இழுபடக் கூடாது.

இனி லைற். மருமகன் வலது சிக்னலைப் போட, பின்னால் இரண்டு பக்கச் சிவப்பு லைற்றும் மங்கலாகக் கண் சிமிட்டின. பிரேக்கை மிதிக்கச் சிக்னல் எரிந்தது. பெரியப்பா இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார், கோயில் சோடினை மாதிரி இருக்கிறதாம். இப்படி எல்லா லைற்றும் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசத் தொடங்கினால் பல்ப்பை மாற்றிக் காசைக் கரியாக்க வேண்டாம், ஏர்த் போயிருக்கிறது. ஜீப்பிலிருந்து ரெயிலர் லைற்றுக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஏழு ஊசிப் பிளக்கில் மூன்றாவது, வெள்ளை வயர். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் மற்ற பல்ப்புகளுக்குள்ளால் ஊர்ந்து போகிறது, அவ்வளவுதான். பிளக்கின் ஊசியை உப்புத்தாளால் தேய்த்து, சட்டத்தில் ஏர்த் பூட்டியிருக்கிற இடத்துப் பெயின்ரைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கினான். மற்ற வயர்களின் நிறத்தையும் சொல்லிவிடலாம்: மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது, சிவப்பு பிரேக், மண்ணிறம் வலது பின்லைற், கறுப்பு இடது பின்லைற். நீலம் மூடுபனி லைற்றுக்கு, யாழ்ப்பாணத்தில் அதற்கு வேலை குறைவு.

ரயரைப் பார்த்தார்கள். ரோட்டில் படுகிற பட்டன் புதுசு மாதிரி இருந்தது. ரெயிலர் ரயர் ஓடித் தேய்வதில்லை, நின்று கிழடாகும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. பக்கத்தில் நுண்ணிய வெடிப்பு ஓடியிருந்தால் பட்டனைப் பார்த்து ஏமாறக் கூடாது. இது தப்பியது.

அப்படியே ஏற்றம் தொடங்கியது. கணக்கு இப்படி: வெறும் ரெயிலர் 250 கிலோ. பிளாஸ்ரிக் கதிரை 60, ஒன்று இரண்டரை கிலோ, ஆக 150. அரிசி 25 கிலோ மூட்டை நான்கு, 100. ஜெனரேற்றர் 80. காஸ் சிலிண்டர் இரண்டு, இரும்போடு சேர்த்து 50. கிடாரம், அகப்பை, தாச்சி எல்லாம் 40. உரிச்ச தேங்காய் நூறு, 60. கூட்டினால் 730. ரெயிலருக்குச் சொந்தப் பிரேக் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய வாகனமாக இருந்தாலும், பெரும்பாலும் 750 கிலோவில் கோடு கீறி விடுவார்கள். அந்த ஜீப்பின் கைநூலிலும் அதே எண்தான். நிறையக் ஹைபிரிட் வாகனங்களின் கைநூலில் இழுக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கும். அதை ரோ பார் ஒட்டுவதற்கு முதல் வாசிப்பது மலிவு.

பாரம் எவ்வளவு என்பது பாதிக் கதைதான். எங்கே இருக்கிறது என்பதுதான் ரோட்டில் பேசும். கப்ளிங் உருண்டையில் அழுத்துகிற நிறையை மூக்கு நிறை என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் ரெயிலர் சொன்ன சொல் கேட்கும். 730க்கு 73. இந்தப் பாரம் ஜீப்பின் கணக்கிலும் சேரும் என்பதை மறக்கக் கூடாது, பம்பரில் ஒரு பெரியப்பா குந்தியிருக்கிற மாதிரி.

இதை அளக்க பெரியம்மாவின் அறையிலிருந்து நிறை பார்க்கிற தராசு வந்தது. அவவுக்குச் சீனி வருத்தம், கிளினிக்குக்குக் கணக்குக் காட்டத் தினமும் ஏறி இறங்குகிற தராசு. "உடைச்சியளெண்டால் நான் எப்பிடி டொக்டரிட்டப் போறது?" உடையாது, அதற்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று அடிப் பலகை. ஒரு முனை தராசில், மறு முனை தராசின் உயரத்துக்கு ஒத்த கல்லில். கல்லிலிருந்து ஒரு அடி, தராசிலிருந்து இரண்டு அடி தள்ளி, பலகையில் ஒரு கட்டையை நிறுத்தி அதன்மேல் கப்ளிங்கை இறக்க வேண்டும். அப்போது தராசில் மூன்றில் ஒரு பங்குதான் விழும். பலகையின் நிறையைக் கழித்துவிட்டு மூன்றால் பெருக்கினால் சரி. சில்லுகளுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும், ரெயிலர் சமமாக நிற்க வேண்டும்.

அரிசியும் ஜெனரேற்றரும் அச்சுக்குச் சற்று முன்னால், அடியில். சிலிண்டர் நிமிர்த்தி, முன்சுவரோடு கட்டி. கதிரையும் கிடாரமும் பின்னால். முதலில் 19 காட்டியது. ஜெனரேற்றரை ஒரு முழம் முன்னுக்குத் தள்ள 24. மூன்றால் பெருக்க 72. பெடியன் முதன்முறையாகச் சிரித்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா ஒரு நீலப் பரலை, தண்ணிப் பீப்பாயை, உருட்டிக்கொண்டு வந்தார்.

"அங்கத்தைத் தண்ணி உவர் தம்பி. சாம்பாருக்கு எங்கட கிணத்துத் தண்ணிதான் வேணும்."

உண்மைதான், காரைநகரில் நல்ல தண்ணிக்குத் தட்டுப்பாடு. பெடியன் மறுக்கும் முன்னரே நான்கு பேர் வெறும் பரலை ரெயிலரின் கடைசிப் பலகைக்குமேல் ஏற்றி, ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டார்கள். பெரியம்மா தராசையே பார்த்துக்கொண்டு நின்றா. 24, 19, 13. தன்ரை நிறை இப்படிக் குறைந்தால் டொக்டர் எவ்வளவு சந்தோசப்படுவார் என்று சொல்லிக்கொண்டு நின்றா. 6. 2. பரல் நிரம்புகிற கட்டத்தில் கட்டை பலகையில் சரிந்து விழுந்தது. கப்ளிங் அந்தரத்தில் ஆடியது.

பரல் நிற்கிற இடம் அச்சுக்கு 90 சென்றிமீற்றர் பின்னால். கப்ளிங் அச்சுக்கு 240 சென்றிமீற்றர் முன்னால். 200 லீற்றர் தண்ணி 200 கிலோ. 200ஐ 90ஆல் பெருக்கி 240ஆல் பிரித்தால் 75. இருந்ததோ 72. சீசோவில் யார் எந்தப் பக்கம் என்பது தெரிந்தவருக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை. போதாததற்கு மொத்தம் 930 ஆகிவிட்டது.

இப்படி வால் பாரமாகக் கொழுவினால் உருண்டை மேலே இழுபடும், ஜீப்பின் பின்சில்லுகள் லேசாகும். மெதுவாக ஓடும்வரை ஒன்றும் தெரியாது. அறுபதைத் தாண்ட, எதிரே ஒரு பஸ் காற்றைத் தள்ளிக்கொண்டு போக, ரெயிலரின் வால் ஒரு பக்கம் அசையும், பிறகு மறுபக்கம் இன்னும் கொஞ்சம் கூட. நான்காவது ஆட்டத்தில் ஜீப்பை அது ஓட்டும். அந்த நேரம் கை தானாக ஸ்ரியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டும், கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். இரண்டும் பிழை. ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு எக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக இறங்க விட வேண்டும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சொல்கிறவர்களுக்கு முன்னால் ரோட் எப்போதும் காலியாக இருக்கிறது போலும்.

பரல் இறங்கியது. பெரியப்பா பேசவில்லை. முன்வீட்டு லாண்ட்மாஸ்ரர், அந்த இரண்டு சில்லு உழவு மெசின், பிறகு அந்தப் பக்கம் போகிறதாம், அதில் வரும் என்று மட்டும் சொன்னார்.

எட்டரைக்குப் புறப்பாடு. பிரேக் தூரம் நீண்டுவிடும் என்பதால் முன்வாகனத்துக்கு வழமையை விட இரண்டு மடங்கு இடைவெளி. அந்த இடைவெளியை யாழ்ப்பாணத்தில் வைத்திருப்பது ஒரு கலை, விட்ட கணமே இரண்டு மோட்டார்சைக்கிளும் ஒரு ஓட்டோவும் குடியேறும். சங்கானையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். தேத்தண்ணி சாட்டு, புறங்கையை ரெயிலர்ச் சில்லின் நடுவில் வைத்துப் பார்ப்பதுதான் காரியம். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் கிரீஸ் இல்லாமல் ஓடுகிறது, அல்லது நட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் சந்தேகமே வேண்டாம். சில்லு நட்டு, கப்ளிங் ஊசி, கயிறு, எல்லாவற்றையும் அங்கேயே ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்கள். கயிறு தளர்ந்திருந்தது. புதுக் கயிறு முதல் பத்துக் கிலோமீற்றரில் எப்போதும் தளரும்.

பொன்னாலைப் பாலம் சோளகக் காற்று நேரத்தில் சும்மா போக விடாது. இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லை. அடுக்கிய கதிரை அறுபதும் பாய்மரம். பெடியன் கதிரைகளை உயரம் குறைய இரண்டு அடுக்காகப் பிரித்து வலை போட்டிருந்தது இதற்காகத்தான். நாற்பதில் போனார்கள். பின்னால் வந்த வான் ஹோர்ன் அடித்தது, அடித்துக்கொண்டே வந்தது.

கோயில் ஒழுங்கை இடது பக்கம். இடது திருப்பம்தான் நெருக்கம். ரெயிலர்ச் சில்லு ஜீப் போன வழியில் வராது, உள்ளுக்குள் வெட்டிக்கொண்டு வரும். நன்றாக முன்னுக்குப் போய்ப் பிறகு திருப்பாவிட்டால் மதகுக்கட்டு இருந்த இடம் தெரியாது. அது தப்பியது. பந்தலுக்கு ரிவேஸ் எடுக்க வேண்டியதுதான் மிச்சம்.

கையை ஸ்ரியரிங்கின் அடியில் வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை: ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், கொஞ்சமாக. மடிக்கத் தொடங்கினால் திருத்தப் பார்க்காமல் முன்னுக்கு எடுத்து நேராக்கி மறுபடி வர வேண்டும். ஒருவர் மட்டும் வழி சொல்ல வேண்டும். அன்று ஏழு பேர் சொன்னார்கள். "ஒடி ஒடி", "விடு விடு", "ஐயோ வேலி", "உதில்லையடா மற்றப் பக்கம்". ஐயரும் பூசையை முடித்துவிட்டு வந்து ஒரு அபிப்பிராயம் சொன்னார். நான்காவது தடவை மடித்த பிறகு பெடியன் கப்ளிங்கைக் கழற்றி, எட்டுப் பேரைப் பிடித்து, கையால் தள்ளிப் பந்தலடியில் நிறுத்திச் சில்லுக்குக் கல் வைத்தான். சமதரையில் இதுதான் கெதியான வழி.

கழற்றின ரெயிலரைப் பின்னாலிருந்துதான் இறக்க வேண்டும். சமையற்காரருக்கோ முதலில் அரிசி வேண்டும், பிறகு ஜெனரேற்றர், பிறகு சிலிண்டர். முன்பக்கம் காலியாகிக்கொண்டு போனது. முன்சட்டத்தில் குந்தியிருந்த பெடியனின் நிறைதான் அதை நிலத்தில் வைத்திருந்தது, அது அவனுக்கும் தெரியாது. யாரோ தேத்தண்ணிக்குக் கூப்பிட அவன் எழும்பினான். மூக்கு வானத்தைப் பார்த்தது, வால் மணலில் குத்தியது, நூறு தேங்காயும் கோயில் வீதியை வலம் வந்தன.

சரியாக அந்த நேரம் லாண்ட்மாஸ்ரர் வந்து நின்றது. பரலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பெரியப்பா இறங்கினார். ரெயிலரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பரல் இல்லாமலும் எழும்புமோ தம்பி?"