சென் எக்ஸ்-3இல் துடிப்பைத் தேடியபோது

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களை எடுக்க நினைப்பவர்கள் சென் எக்ஸ்-3இல் தொடங்குங்கள்; ஒரு நியூட்ரான் விண்மீனும் அதன் துணை விண்மீனும் சேர்ந்த இணை அது. நல்ல பிரகாசம், வலுவான துடிப்பு (நியூட்ரான் விண்மீன் சுழலச் சுழல எக்ஸ் கதிர் கூடிக் குறைவது). உகுரு செயற்கைக்கோள் 1971இல் இதில்தான் துடிப்பைக் கண்டது. ஆர்எக்ஸ்டிஇ செயற்கைக்கோளின் பழைய தரவுகள் நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். சுழற்சிக் காலம் சுமார் 4.8 நொடி. அதனால் 0.21 ஹெர்ட்ஸ் அருகே ஊசிபோல ஒரு முகடு வரும் என்று எதிர்பார்த்து, ஒரு நாள் தரவு முழுவதையும் ஒன்றாகப் போட்டு எந்த அதிர்வெண்ணில் துடிப்பு இருக்கிறது என்று காட்டும் ஃபூரியர் மாற்றம் செய்தேன். வந்தது சிதைந்த மேடு ஒன்று. தரவில்தான் கோளாறு என்று நம்பி மூன்று வாரம் அதையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தேன்.

தரவில் கோளாறே இல்லை. அந்த நியூட்ரான் விண்மீன் 2.09 நாளுக்கு ஒருமுறை தன் துணையைச் சுற்றுகிறது. நம்மை நோக்கி வரும்போது துடிப்புகளின் இடைவெளி குறுகும், விலகும்போது நீளும். ஏறினாலும் இறங்கினாலும் 7 மில்லிநொடிக்கு மேல் போகாது. முகட்டைக் கரைக்க அது போதும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில், பூமியின் ஓட்டம் கணக்கில் கலக்காமல் இருக்க, எல்லா நேரங்களையும் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. அப்புறம் தரவைச் சுமார் 3000 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு காலங்களில் மடித்துப் பாருங்கள் (அதாவது அந்தக் கால நீளத்துக்கு நறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுங்கள்). கை-வர்க்க மதிப்பு (மடித்த வடிவம் தட்டைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) உச்சம் தொடும் இடமே அந்தத் துண்டின் காலம். எல்லாவற்றையும் நேரத்துக்கு எதிராக வரைந்தபோது, புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக சைன் வளைவில் போய் உட்கார்ந்தன. இரவு பதினொரு மணிக்கு ஆய்வகத்தில் தனியாக அதைப் பார்த்த நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன்.

கணக்கில் எங்காவது கூட்டல் கழித்தல் குறி மாறி வளைவு தலைகீழாகிவிட்டதா என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு. நியூட்ரான் விண்மீன் துணைக்குப் பின்னால் மறையும் அந்த அரை நாளில் துடிப்பு கிடைக்காது. மறையப் போகும்போது விலகுகிறது, எனவே காலம் நீண்டிருக்கும். வெளியே வந்ததும் குறுகியிருக்கும். உங்கள் படத்தில் இது மாறியிருந்தால் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் முதலில் கேட்டது, "இது கருந்துளை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" கடிகாரம்போல் துடிக்க, காந்தப் புலத்தால் பொருளைத் துருவங்களுக்கு இழுக்கும் ஒரு மேற்பரப்பு வேண்டும், கருந்துளைக்கு அது கிடையாது என்றேன். கூடவே எம்82 விண்மீன் திரளில் உள்ள எம்82 எக்ஸ்-2 என்ற எக்ஸ் கதிர் மூலத்தைச் சொன்னேன்: அதன் பிரகாசத்தை வைத்துக் கருந்துளை என்றே எண்ணியிருந்தார்கள், 2014இல் நியூஸ்டார் செயற்கைக்கோளின் தரவில் 1.37 நொடித் துடிப்பு வெளிப்பட்டது.