நம்ம சிம்பலுக்கு நாமளே ஒரு ஃபான்ட்

ஒரே மேனுவல்ல பக்கத்துக்குப் பக்கம் வர்ற குட்டி ஐகானை ஒவ்வொரு தடவையும் படமா பேஸ்ட் பண்றது எனக்கு சுத்தமா பிடிக்காது, எழுத்து சைஸை மாத்தினா அது மாறாது, வரியை விட்டு மேலயும் கீழயும் நகரும், கலர் மாத்தணும்னா மறுபடி முதல்லேர்ந்து வேலை. அதையே ஃபான்ட்ல ஒரு எழுத்தா வச்சுட்டா எல்லாம் எழுத்தோடயே போயிடும்.

வரையறதுக்கு இங்க்ஸ்கேப், ஃபான்ட்டாக்க ஃபான்ட்ஃபோர்ஜ், ரெண்டுமே ஃப்ரீ. எஸ்விஜியா (கோடும் வளைவுமா சேமிக்கற பட ஃபைல்) சேவ் பண்ணி இம்போர்ட் பண்ணணும், அதுக்கு முன்னாடி கோடா வரைஞ்சதுக்கெல்லாம் "ஸ்ட்ரோக் டு பாத்" கொடுத்துடுங்க, ஃபான்ட்டுக்கு கோட்டோட தடிமன்லாம் தெரியாது, மூடின அவுட்லைன்தான் தெரியும். வளையம் மாதிரி ஏதாவது வரைஞ்சீங்கன்னா சில சமயம் நடு ஓட்டை அடைஞ்சு கறுப்பு வட்டமா நிக்கும், உள் அவுட்லைனும் வெளி அவுட்லைனும் ஒரே திசையில சுத்துதுன்னு அர்த்தம், "கரெக்ட் டைரக்‌ஷன்" ஒரு தடவை கொடுத்தா ஓட்டை திறந்துடும்.

நிறைய பேர் கோட்டை விடறது எந்த கேரக்டர் கோட்ல (ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டர் வச்சிருக்கற நம்பர்) வைக்கறதுங்கறதுல. ஈஸியா இருக்கேன்னு ஏ, பி, சி மேலயே சிம்பலை உக்கார வச்சுடுவாங்க. அவுட்லுக் அனுப்பின ஸ்மைலி வேற ஆப்ல மொட்டையா "ஜே"ன்னு தெரிஞ்சதைப் பாத்திருப்பீங்க, அது விங்டிங்ஸ்ங்கற சிம்பல் ஃபான்ட்ல ஜே இருக்கற இடத்துல சிரிச்ச மூஞ்சி இருக்கறதால. உங்க டாக்குமென்ட்லயும் ஃபான்ட் போனா அதே கதிதான், அதுவும் எச்சரிக்கை சின்னம் இருக்கவேண்டிய இடத்துல ஒரு "பி" நின்னா யாருக்கு என்ன புரியும்? யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் கொடுக்கற பொது முறை) இதுக்குன்னே ப்ரைவேட் யூஸ் ஏரியா ஒதுக்கியிருக்காங்க, ஈ000லேர்ந்து 6400 இடம், அங்க வைங்க. ஃபான்ட் இல்லேன்னா வெறும் கட்டம் தெரியும், ஏதோ மிஸ்ஸிங்னாவது புரியும். வேர்ட்ல ஈ001னு இங்கிலீஷ்ல அடிச்சு ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அமுக்கிட்டு, அதை செலக்ட் பண்ணி நம்ம ஃபான்ட்டை கொடுத்தா சிம்பல் வந்துடும். (போன், கத்தரிக்கோல், எச்சரிக்கை முக்கோணம்லாம் யூனிகோட்லயே இருக்கு, அதை ஏன் மறுபடி வரையணும்!)

வெளிய அனுப்பறப்போ பிடிஎஃப்னா தொல்லையில்ல, ஃபான்ட் பொதுவா உள்ளயே போயிடும். வேர்ட் ஃபைலாவே போகணும்னா சேவ் ஆப்ஷன்ஸ்ல எம்பெட் ஃபான்ட்ஸை டிக் பண்ணுங்க, ஃபான்ட்ஃபோர்ஜ்லயும் எம்பெட் பண்ண அனுமதி இருக்கான்னு பாத்துட்டு டிடிஎஃப் ஃபான்ட் ஃபைலா ஜெனரேட் பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு, இந்த ப்ரைவேட் நம்பருக்கெல்லாம் பொதுவா ஒரு பேர் கிடையாது, ஸ்க்ரீன் ரீடர் (பார்வையில்லாதவங்களுக்கு ஸ்க்ரீனை வாசிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்) அதை என்னன்னு வாசிக்கும்? அதனால சிம்பல் பக்கத்துல "மூடவும்", "சூடு"ன்னு வார்த்தையையும் போட்டுடறது என் பழக்கம், தேடறப்போவும் அதுதான் மாட்டும்.