ராம்ரீயும் இரணைமடுவும்
விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுவுக்குப் போனால், குளக்கட்டோரம் வாயைப் பிளந்தபடி வெயில் காயும் முதலையைத் தொலைவில் நின்று காட்டும் மாமா, பொழுது சாய்ந்தபின் எங்களைக் கால் நனைக்கவும் விடமாட்டார். ஆனால் 1945 இல் பர்மாவின் ராம்ரீத் தீவுச் சதுப்பில் ஏறத்தாழ 1000 யப்பானியப் படையினரை ஒரே இரவில் உவர்நீர் முதலைகள் தின்று தீர்த்தன என்ற, கின்னஸ் நூலிலும் ஏறிய கதையை அவர் நம்புவதில்லை, நானும்தான். வயிறு நிறைந்தால் பல நாட்கள் இரை தேடாத பிராணி அது. அத்தனை பேரைத் தின்னக்கூடிய கூட்டம், அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சதுப்பில் எதைத் தின்று உயிர் வாழ்ந்திருக்கும்? தாகத்தாலும் நோயாலும் துப்பாக்கிக் குண்டாலும் இறந்தவர்களின் கணக்கையும் (இது என் ஊகம்) முதலையின் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்காக மாமாவின் பயம் வீணானதல்ல. இலங்கையின் தெற்கே மாத்தறைப் பக்கம், நில்வளா கங்கையில் குளிப்பவர்கள் முதலைக்கு அஞ்சி நீருக்குள் மரக்கம்புகளை நெருக்கமாக நட்டு, அந்த வேலிக்குள்ளேதான் இறங்குகிறார்கள். மாமாவின் குளக்கரையில் அதுகூட இல்லை.