வரைபடத்தில் ஏற்றுமுன் பைபர் அட்டவணை

பைபர் கேபிளைக் கோடாக வரைவது பெரிய வேலையில்லை. யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியோ பருத்தித்துறை வீதியோ, கோடு அழகாகவே விழும். இணையத்தில் ஏற்றிய பிறகு ஒருவர் ஜொயின்றை (கேபிள்கள் இணையும் இடத்தை) தொட்டு, எந்தக் கோர் (கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை) எதோடு போகிறது என்று பார்க்கும்போதுதான் பின்னாலிருக்கும் அட்டவணையின் இலட்சணம் தெரியவரும்.

குழறுபடியில் பாதி எக்செல்லில் பிறக்கிறது. வீதியில் நின்று வேலை செய்பவர்கள் மூன்றாம் ரியூப்பின் (இழைகளைச் சேர்த்து வைக்கும் சிறு குழாயின்) ஐந்தாம் இழையை 3-5 என்று எழுதுவார்கள். எக்செல் அதை நாள்-மாதம் என்று எடுத்து மே 3 ஆக்கிவிடும். 144 கோர் கேபிளில் 12 ரியூப், ஒவ்வொன்றிலும் 12 இழை. 1-1 தொடங்கி 12-12 வரை ஒன்றுவிடாமல் எல்லாமே செல்லுபடியான திகதிகள்! பிறகு நிரலை எழுத்து வடிவத்துக்கு மாற்றினாலும் அந்தத் திகதியின் தொடரெண்ணாக 46145 போல ஏதோ ஓர் எண்தான் மிஞ்சும். ஆகவே ரியூப்புக்கு ஒரு நிரல், இழைக்கு ஒரு நிரல். கோர் இலக்கம் (ரியூப் − 1) × 12 + இழை, இங்கே 29. நிறங்களையும் தனியே எழுதி வைத்தால் அதுவே காவல்: நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம், சாம்பல் என்ற வரிசையில் 29 ஆவது கோர் பச்சை ரியூப்பில் சாம்பல் இழை. இலக்கமும் நிறமும் ஒத்துவராத நிரையை ஏற்றக்கூடாது.

ஆள்கூற்றுப் பிழை உடனே கண்ணில் படும். பழைய இலங்கை நெய்யரியின் (ஆள்கூறுகளை அளக்கும் கட்டத்தின்) தொடக்கப் பெறுமானம் இரு திசைக்கும் 2 இலட்சம் மீற்றர், 1999 நெய்யரியில் 5 இலட்சம். பழையதைப் புதியதென்று கொடுத்தால் நல்லூர் மான்ஹோல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் கிடக்கும். வீதிப் பெயர்தான் கள்ளன். காங்கேசன்துறை வீதி, கே.கே.எஸ். வீதி, கே.கே.எஸ். றோட் என்று மூன்று விதமாக இருந்தால் தேடலில் ஒரு பகுதிதான் வரும். கையால் தட்டாமல் பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய விடவேண்டும். வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி நிரல்களை மறைத்தால் போதாது, ஏற்றும் பிரதியிலிருந்தே நீக்கவேண்டும்.

ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்ற வரைபட மென்பொருளிலிருந்து ஏற்றும்போது, செயலி கேட்கும் ஒரு கேள்விக்கு 2000 நிரை என்பது வழமையான உச்சம். ஒரு ஜொயின்றில் கோருக்கு ஒரு நிரை என்றால், 144 கோரில் 14 ஜொயின்ற் வந்தாலே 2016. பக்கம் பக்கமாகக் கேட்கத் தெரியாத செயலி 2000 உடன் நின்றுவிடும், பிழைச் செய்தியும் வராது.

லேயர் (வரைபட அடுக்கு) இலக்கங்களை நிலைப்படுத்தாமல் திரும்ப ஏற்றினால், நேற்று ஜொயின்றைக் காட்டிய இணைப்பு இன்று கம்பத்தைக் காட்டும். வரைபடத்தின் பண்புகளில் தனித்த இலக்கம் வழங்கும் தெரிவை முதல் ஏற்றலுக்கு முன்பே போட்டுவிடவேண்டும்.