பழைய அடாப்டர், புதிய சேவை, அம்மாவின் 021

சாதாரணப் போனை இணையத்தோடு இணைக்கும் சின்னப் பெட்டியான லிங்க்சிஸ் பிஏபி2டி அடாப்டரை வேறொரு சிப் (SIP, இணையவழிப் போன்) சேவைக்கு மாற்றும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஸ்காபரோவில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்குக் கைபேசியில் கதைக்கப் பிடிக்காது. பெரிய பொத்தான் வைத்த மேசைப் போன்தான் வேணும். பழைய கம்பனியோ மாதக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனது.

பெட்டி பூட்டியதா என்று முதலில் பாருங்கள். சில கம்பனிகள் நிர்வாகக் கடவுச்சொல் போட்டுத்தான் தருவார்கள்; அது தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது. எங்களுடையது நாங்களே வாங்கியது, பூட்டு இல்லை. இணைய வயரைக் கழற்றிவிட்டு, ரிசீவரை எடுத்து நட்சத்திரப் பொத்தானை நான்கு தரம் அழுத்தினால் குரல் மெனு வரும். 73738#, உறுதிப்படுத்த 1. பழைய அமைப்பு முழுதும் அழிந்துவிடும்.

வயரைத் திரும்பச் செருகி, அதே மெனுவில் 110# அழுத்த, பெட்டி தன் ஐபி முகவரியை வாசித்தது. அதைப் பிரவுசரில் அடித்து, அட்மின் லாகின், அட்வான்ஸ்ட் வியூ. எல்லாவற்றுக்கும் முதல் 'புரொவிஷன் எனேபிள்' என்பதை 'நோ' ஆக்கினேன். பெட்டி தானாகப் போய் வேறு யாருடைய அமைப்பையும் இறக்கக் கூடாது. பிறகு லைன் 1 பக்கத்தில் புரொக்சி (சேவையின் சர்வர் முகவரி), யூசர் ஐடி, பாஸ்வேர்ட், கோடெக் (குரலைத் தரவாக மாற்றும் முறை) ஜி711யூ. சேமித்ததும் 'ரெஜிஸ்டர்ட்' என்று காட்டியது.

வெளியே எடுத்த அழைப்புகள் உடனே போயின. வீட்டுக்கு வரும் அழைப்புகள்தான், போன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், மணி அடிக்காமலே குரலஞ்சலுக்குப் போயின. காரணம் ரவுட்டர். அழைப்புத் தகவல் வந்துபோகும் யூடிபி வழி பயன்பாடு இல்லாமல் இருந்தால், அதை ரவுட்டர் சிறிது நேரத்தில் மூடிவிடும். அடாப்டரோ 3600 செக்கனுக்கு ஒருமுறைதான் தன் பதிவைப் புதுப்பிக்கும். இடையில் வரும் அழைப்புக்கு உள்ளே வர வழியில்லை. 'நாட் கீப் அலைவ் எனேபிள்' என்பதை 'யெஸ்' ஆக்கினேன். இப்போது 15 செக்கனுக்கு ஒருமுறை ஒரு சின்னப் பாக்கெட் போகிறது, வழி திறந்தே இருக்கிறது. ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற, சிப் தகவலை இடையில் மாற்றி எழுதும் வசதியையும் அணைத்துவிட்டேன். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும் தொல்லைக்குப் பல வீடுகளில் அதுதான் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் டயல் பிளான், அடிக்கும் எண்ணைப் பெட்டி எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி. யாழ்ப்பாணத்துக்கு எடுக்க வெளிநாட்டு அழைப்புக்கான 011, இலங்கையின் 94, யாழ்ப்பாணத்தின் 21, அதன் பிறகு ஏழு இலக்கம். மொத்தம் பதினான்கு. அம்மாவுக்கு மனப்பாடமாக இருப்பது, ஊருக்குள் அடிப்பதுபோல 021இல் தொடங்கும் எண்கள். டயல் பிளானில் <021:0119421> என்று எழுதி, அதை ஒட்டி ஏழு எக்ஸ் (ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு இலக்கம்), கடைசியில் எஸ்0 போட்டால், அவ 021 அடித்ததும் பெட்டியே அதை வெளிநாட்டு எண்ணாக மாற்றிக்கொள்ளும். எஸ்0 என்பதால் ஏழாவது இலக்கம் விழுந்த கணமே அழைப்பு போகும், காத்திருப்பு இல்லை. ஆப்பரேட்டருக்கென்று முதலே இருந்த ஒற்றை 0ஐ எடுத்துவிட்டேன். 0 அடித்துவிட்டு அம்மா யோசித்தால் அழைப்பு அங்கே போய்விடும். இப்போது சித்தியின் எண்ணை ஊரில் அடித்தது போலவே அடிக்கிறா.

அவசர உதவி எண்ணான 911க்கு வீட்டு முகவரியைப் புதிய சேவையில் பதிந்தாயிற்று. இதை யாரும் பிற்போடக் கூடாது, இணையப் போன் எந்த வீட்டில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தானாகத் தெரியாது.

இனி எங்கள் பழைய 416 எண்ணைப் புதிய சேவைக்குக் கொண்டுவர வேண்டும், இப்போதைக்குத் தற்காலிக எண்தான். மாற்றம் முடியும்வரை பழைய கணக்கை மூடமாட்டேன். மூடினால் எண்ணும் கைவிட்டுப் போகலாம்.