ஜாதிக்காயும் காரப்பொடியும்

"போய் ஒரு ஜாதிக்காய் வாங்கிட்டு வாப்பா" என்றார் பேராசிரியர்.

1984, மருத்துவக் கல்லூரியில் பத்தாலஜி (நோய்க்கூறியல்) இன்டர்னல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. மேஜைமேல் ஃபார்மலின் ஜாடி, உள்ளே ஒரு ஈரல் துண்டு. நான் நன்றாக உற்றுப் பார்த்து, 'கொழுப்பு ஏறிய ஈரல்' என்று அடித்துவிட்டேன். அவர் திட்டவில்லை, மார்க்கும் போடவில்லை. ஜாதிக்காய் வாங்க அனுப்பினார். பின்னால் நின்ற நம் பேட்ச் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அதில் இரண்டு பேர் நம் கல்லூரியின் இந்தப் பழைய மாணவர் மலரையும் படிப்பார்கள்.

கல்லூரிக்கு வெளியே வந்து, பழைய ஜெயில் ரோட்டைத் தாண்டி, வண்ணாரப்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஒரே ஒரு காய் வாங்கினேன். "குழந்தைக்கு உரைக்கவா?" என்று கடைக்காரர் கேட்டார். பரீட்சைக்கு என்று எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு வந்தேன். பத்தாலஜி மியூசியம் அட்டெண்டர் அண்ணன் அதைக் கத்தியால் குறுக்கே வெட்டி, ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். வெளிறிய பரப்பில் கரும்பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. ஜாடியில் இருந்த ஈரலிலும் அதே கோலம். பார்த்த பிறகு வேறு எதாகவும் தெரியவில்லை.

"ஜாதிக்காய் ஈரல். பேரு தெரிஞ்சிடுச்சு. ஏன் இப்படி ஆச்சு? அதைச் சொல்லு" என்றார் சார்.

அதற்குப் பதில் தேட ஒரு வாரம் ஆயிற்று. பதில் கிடைத்தது எங்கள் வீட்டில்தான். தண்டையார்பேட்டையில் தெருக் கடைசி வீடு எங்களுடையது. பள்ளம், அதைத் தாண்டினால் கால்வாய். முந்தின வருஷம், 1983இல், சென்னை தண்ணீருக்குத் தவித்தது நினைவிருக்கும். முன் வீடுகளெல்லாம் குடம் குடமாகப் பிடித்த பிறகு எங்கள் குழாயில் வருவது வெறும் காற்று. மழைக் காலத்திலோ ஊர்த் தண்ணீர் மொத்தமும் எங்கள் திண்ணைக்குத்தான் வரும். ஈரலின் நடுப்பகுதி செல்களுக்கும் அதே கதி. ஈரலின் சின்னச் சின்ன மடல்களில் ரத்தம் ஓரமாக நுழைந்து, நடுவில் இருக்கும் சிரையில் போய் வடிகிறது. வழியில் இருக்கும் செல்கள் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் நடுவுக்கு விடும். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, வரும் ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் போனால், வடிய வேண்டியது திரும்பித் தேங்கும். அப்போது முதலில் மூழ்குவதும் நடுதான், பட்டினி கிடப்பதும் நடுதான். கரும்பழுப்பாகத் தெரிந்தது அது. ஓரத்துச் செல்களில் கொழுப்பு சேர்ந்து வெளுத்துவிடும். அந்த மட்டும் என் பதிலிலும் கொஞ்சம் உண்மை இருந்தது என்று இன்றும் வாதாடுவேன்.

அதுவரை பத்தாலஜி என்றால் ஜாடிகளின் பெயர்களை உருப்போடுவது என்று நினைத்திருந்தேன். ஈரலில் கெட்டுப்போனது எதுவும் ஈரலில் ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்ததும் அடி வயிற்றில் ஒரு குறுகுறுப்பு. அப்படியானால் எங்கே ஆரம்பித்தது?

அதே மாதம் காலை வார்டு போஸ்டிங்கில் காசிமேட்டுப் பெண் ஒருவர் படுத்திருந்தார். ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்பவர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். "ரெண்டு தலகாணி வெச்சாத்தான் தம்பி தூக்கம். இப்ப மூணு" என்றார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் மூச்சு வாங்க ஆரம்பித்ததாம். சிறு வயதில் ஏதாவது? "தொண்ட வலின்னு படுத்தேன். அப்பால முட்டி வீங்கிச்சு, அது எறங்கி மணிக்கட்டு வீங்கிச்சு. ஆயா தைலம் தேச்சுது, சரியாப் பூட்ச்சு."

சரியாகப் போகவில்லை. ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று ஒரு பழைய மருத்துவச் சொலவடை உண்டு. தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அடிக்க உடம்பு ஆயுதம் செய்கிறது. கிருமியின் சாயல் இதயத் திசுவிலும் இருப்பதால், ஆள் மாறி அங்கேயும் அடி விழுகிறது. மூட்டு வீக்கம் தழும்பு இல்லாமல் வடிந்துவிடும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வில் தழும்பு விழும், இதழ்கள் தடித்து ஓரம் ஒட்டும். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய வாசல், 1 சதுர சென்டிமீட்டருக்குச் சுருங்கும். நெருக்கமான வீடுகளில் தொண்டைக் கிருமி சுலபமாகத் தாவும் என்பதால் நம் வார்டுகளில் இருபது வயதுக்காரர்களே இந்த வால்வோடு வந்தார்கள்.

கூடையோடு வேகமாக நடந்தால் அவருக்கு ஏன் மூச்சு முட்டியது? இதயம் வேகமாக அடிக்கும்போது குறைவது, அது தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளும் நேரம். வாசலும் சின்னது, திறந்திருக்கும் நேரமும் குறைச்சல் என்றால் ரத்தம் நுரையீரலில் தேங்காமல் என்ன செய்யும்? பிள்ளை உண்டானபோதோ உடம்பில் ரத்தமே ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. நுரையீரலில் ஏறிய அழுத்தம் இதயத்தின் வலப்பக்கத்தைச் சோர வைக்கும், அது சோர்ந்தால் ஈரல். தொண்டையில் புறப்பட்டது பதினைந்து வருஷம் கழித்து ஜாதிக்காய்க்கு வந்து சேர்ந்த வழி எனக்கு அந்தக் கட்டிலடியில்தான் புரிந்தது.

இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி ஸ்டெதஸ்கோப் வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது: ராயபுரத்தில் சரக்கு ரயில் தூரத்தில் உருளுமே, அந்த அடித்தொண்டைச் சத்தம். இங்கிலாந்தில், லீட்ஸில் முப்பது வருஷமாக டாக்டர் வேலை பார்க்கிறேன். இங்கே என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எக்கோ (இதய ஸ்கேன்) படத்தைப் பளிச்சென்று படிக்கிறார்கள். இந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் அபூர்வம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம், ஒப்புக்கொள்கிறேன். கேட்கத் தேவையில்லாமல் போனது நல்லதுதான் என்பது வேறு விஷயம்.

அவருக்கு ஆபரேஷன் முடிவாயிற்று. துடிக்கும் இதயத்தின் மேலறை வழியாக விரலை விட்டு, ஒட்டிய வால்வைப் பிரிப்பது. லண்டனில் 1925இலேயே ஒருவருக்குச் செய்திருக்கிறார்கள். இரண்டாம் வருஷப் பையனுக்கே உரிய உற்சாகத்தில் நான் விளக்கப் போனேன்.

"அக்கா, உங்க வால்வு மீன் வாய் மாதிரி ஆயிடுச்சு." புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

"எந்த மீனு?"

விழித்தேன்.

"மீனு வாயின்னா? சங்கராவா, வஞ்சிரமா? செத்த மீனு வாயத் தொறந்துகினுதான் கெடக்கும்." பிறகு அவரே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். "காரப்பொடின்னு சொல்லு. அதுக்குத்தான் இம்மாத்தூண்டு வாய்."

ஆமாம், காரப்பொடிதான் என்றேன்.

"வெரல வுட்டாங்கன்னா கொடுவா வாயாட்டம் ஆயிடுமா?"

அவ்வளவு பெரிதாகிவிட்டால் ரத்தம் பின்பக்கம் கசியும் அக்கா, அதுவும் கஷ்டம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப சங்கரா அளவுக்கு வெக்கச் சொல்லு."