அம்மாவ முதியோர் இல்லத்துல சேர்த்தப்ப மருந்து விஷயத்த சரி பண்ணின அனுபவம்

அம்மாவ கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்தப்ப ஆதார், ரிப்போர்ட், அட்வான்ஸ் எல்லாம் சட்டுனு முடிஞ்சிருச்சு, இழுத்தது மருந்துதான். மூட்டுவாதத்துக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒருத்தர், தைராய்டுக்கு ஒருத்தர், ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒரு சீட்டுல பான் 40, இன்னொண்ணுல பான்டோசிட், ரெண்டுமே அசிடிட்டிக்குப் போடற அதே பான்டோபிரசோல்தாங்க! எல்லாத்தையும் ஃபேமிலி டாக்டர்கிட்ட கொண்டுபோய் கம்பெனி பேரோட மருந்துப் பேரும் போட்டு, எதுக்கு, எப்போ, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு ஒரே பேப்பர்ல எழுதி சீல் வாங்கினேன். சேர்க்கறதுக்கு முன்னாடியே இத பண்ணிருங்க.

எனக்கு வயித்தக் கலக்கினது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு அது வாரத்துல ஒரு நாள் மட்டும்தான், தெரியாம தினமும் குடுத்துட்டா வாயெல்லாம் புண்ணாகி ரத்த அணுக்கள் கொறஞ்சு உயிருக்கே ஆபத்தாயிரும். ஆனா இல்லத்து சார்ட்ல காலை, மதியம், ராத்திரின்னு கட்டம் இருக்கே தவிர கிழமைக்கு எடமே இல்ல. அதுவும் டப்பாவுல ஃபோலிட்ராக்ஸ், பக்கத்துலயே ஃபோல்வைட், முதல்ல சொன்னது மெத்தோட்ரெக்சேட், அடுத்தது ஃபோலிக் ஆசிட்ங்கற விட்டமின், அவசரத்துல பாத்தா பேரு ஒண்ணு மாதிரியே தெரியும். மெத்தோட்ரெக்சேட்ட தனிக் கவர்ல போட்டு சிவப்பு மையில 'ஞாயிறு மட்டும்'னு எழுதி, சார்ட்ல மத்த ஆறு நாளுக்கும் குறுக்குக் கோடு போட வச்சப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அடுத்து காலைல மருந்து குடுக்கறப்ப கூடவே நின்னு பாத்தேன். தைராய்டு மாத்திரையும் கால்சியமும் ஒரே கப்புல! தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல போடணும், கால்சியத்துக்கும் அதுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேணும், இல்லன்னா உடம்புல சரியா சேராது. அம்மாவுக்கு முழுங்க கஷ்டம்னு சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் எஸ்ஆர பொடிச்சுக் குடுக்கப் போனாங்க, அதையும் நிறுத்தச் சொன்னேன், ஏன்னா மெதுவா எறங்க வேண்டிய மருந்து பொடிச்சா ஒரேயடியா எறங்கிரும். டாக்டர்கிட்ட கேட்டு பொடிக்கற மாதிரி சாதா மாத்திரையா மாத்தி வாங்கினேன்.

"எல்லாருக்கும் குடுத்துட்டு கடைசில மொத்தமா டிக் பண்ணிருவோம்ங்க மேடம்"னாங்க சிஸ்டர். பாவம், அத்தன பேருக்கு ஒரே ஆள், அவங்கள குத்தம் சொல்ல மனசு வரல. பொறுப்பாளர்கிட்ட உக்காந்து பேசினேன், இப்போ ஒருத்தர் முழுங்கினத பாத்த உடனே அங்கயே கையெழுத்து, வேண்டாம்னு துப்பிட்டா அதையும் எழுதறாங்க. டாக்டர் மருந்த மாத்தினா பழைய சார்ட்ட கோடு போட்டு கேன்சல் பண்ணிட்டு புதுசா எழுதறாங்க, அத போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பிடறாங்க.